பீச் ஹவுஸ் ஆல்பத்தில் ஒரு பாட்டு மட்டும் மெதுவாக ஓடுகிறது, அவசர உதவி

சுருட்டைமுடி: பீச் ஹவுஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாட்டுகளைக் கணினியில் ஏற்றினேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்று மட்டும் இழுத்து இழுத்து ஓடுகிறது. பாடகியின் குரல் ஆம்பளைக் குரலாகிவிட்டது. மூன்று தடவை மறுபடி ஏற்றியும் அதேதான். நாளைக் காலை ஊருக்குக் கிளம்புகிறேன், அதற்குள் போனில் போட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

மழைச்சத்தம்: எந்தப் பாட்டு? எதிலிருந்து ஏற்றினீர்கள்?

பெல்ட்_மாமா: பெல்ட்தான், சந்தேகமே வேண்டாம். அந்தக் காலத்து டேப் ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்தால் சுசீலாம்மா குரலே டி.எம்.எஸ். குரலாகிவிடும். பிளேயரைத் திறந்து ரப்பரை விரலால் இழுத்துப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஒலிக்கிறுக்கன்: இசைத்தட்டு என்றால் நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓட வேண்டியதை 33இல் விட்டிருப்பீர்கள். ஐந்து அரைச்சுரம் கீழே இறங்கிவிடும். ஆனால் தட்டா, கோப்பா, எதுவும் சொல்லவில்லையே?

தரம்_முக்கியம்: தம்பி, இங்கே கேள்வி கேட்கும் முன் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும். இதற்கு நான் நாலு முறை பதில் எழுதியாயிற்று. நொடிக்கு 48 ஆயிரம் மாதிரிகளாக (48 கிலோஹெர்ட்ஸ்) பதிந்த கோப்பை 44.1இல் ஓட்டுகிறீர்கள், அவ்வளவுதான். ஒலி அமைப்பில் போய் மாற்றுங்கள். இது தெரியாமல் இந்த மாதிரி இசை கேட்பது கோட்டையில் குடியேறி வாசலைத் தேடுவது போல.

சுருட்டைமுடி: சிடி. அதைச் சொல்லவில்லையா, மன்னிக்கவும். 2017இல் வந்த 'பி-சைட்ஸ் அண்ட் ராரிட்டீஸ்' தொகுப்பு. நண்பனிடம் சிடியை மட்டும் வாங்கி வந்தேன், உறை அவனிடமே இருக்கிறது. ஏற்றும்போது இணையம் இல்லாததால் பாட்டுப் பெயர்களும் வரவில்லை, வெறும் எண்கள்தான். சார் சொன்னபடி 44.1, 48 இரண்டும் மாற்றிப் பார்த்துவிட்டேன். இப்போது டிரைவைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒலிக்கிறுக்கன்: கழற்றாதீர்கள்! சிடி என்றாலே 44.1தான். அப்படியே மாறினாலும் 8 சதவீதம்தான் வேகம் குறையும், குரல் ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். அதற்கெல்லாம் ஆம்பளைக் குரல் வராது. அதோடு அமைப்பில் கோளாறு என்றால் எல்லாப் பாட்டும் அல்லவா கெட வேண்டும்?

தரம்_முக்கியம்: பாடகி விக்டோரியா லெக்ராண்ட் குரலே கீழ்ஸ்தாயிதான். புதிதாகக் கேட்பவர்கள் ஆண் என்று நினைப்பது சகஜம். 8 சதவீதமே போதும்.

மழைச்சத்தம்: பாரிஸில் பிறந்தவர், பிரெஞ்சு இசையமைப்பாளர் மிஷெல் லெக்ராண்டின் உடன்பிறப்பின் மகள். அந்தக் குடும்பத்துக் காது.

கூடை_நிறைய: குடும்பக் கதை இருக்கட்டும். இதெல்லாம் ஒரு ஆல்பமா? 14 பாட்டில் முன்பு எங்கும் வராதவை 'சாரியட்', 'பேஸ்பால் டயமண்ட்' இரண்டே. மீதியெல்லாம் வடிகட்டின டிகாக்‌ஷனில் மறுபடி தண்ணீர் ஊற்றின கதை.

மழைச்சத்தம்: அப்படிச் சொல்லாதீர்கள். 'வேரெவர் யூ கோ' இதற்கு முன் எங்கே இருந்தது தெரியுமா? 2012இல் வந்த 'ப்ளூம்' ஆல்பத்தில் கடைசிப் பாட்டு 'ஐரீன்' முடிந்து, பல நிமிடம் வெறும் மௌனம் ஓடி, அதற்கப்புறம் வரும். சிடி முடிந்துவிட்டதென்று எழுந்து போனவர்களுக்கு அந்தப் பாட்டே தெரியாது. 'சாட்டர்ன் சாங்' வாயேஜர் விண்கலப் பதிவுகளை வைத்து 2014இல் ஒரு தொகுப்புக்காகச் செய்தது. இப்படிச் சிதறிக் கிடந்ததை ஒரே இடத்தில் வைத்தது தப்பா?

கூடை_நிறைய: மௌனத்துக்கும் காசு வாங்கிய கோஷ்டி என்று நீங்களே சொல்கிறீர்கள்.

பெல்ட்_மாமா: இவர்களுடைய 'டீன் டிரீம்' ஆல்பத்தின் இசைத்தட்டில் 'நார்வே' பாட்டைக் கேட்டபோது கிட்டார் சுருதி கப்பல் மாதிரி தள்ளாடியது. இரண்டு பெல்ட் மாற்றினேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் வாசித்ததே அப்படியாம். இருந்தாலும் பெல்ட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒலிக்கிறுக்கன்: மாமா, சிடி டிரைவில் அந்த பெல்ட் ஏது? சுருட்டைமுடி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: எத்தனையாவது பாட்டு?

சுருட்டைமுடி: 13. அதைச் சொல்லவில்லையா? மெட்டு 'டென் மைல் ஸ்டீரியோ'வேதான். 'டீன் டிரீமில்' நூறு தடவை கேட்டிருக்கிறேன், அதனால்தான் மெதுவாக ஓடுவது உடனே தெரிந்தது.

ஒலிக்கிறுக்கன்: ஐயோ. ஒன்றும் கெடவில்லை. அந்தச் சிடியில் 13ஆவது பாட்டின் பெயரே 'டென் மைல் ஸ்டீரியோ (காஃப் சிரப் ரீமிக்ஸ்)'. வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ என்பவர் 90களில் ராப் பாட்டுகளை இப்படித்தான் இழுத்து ஓட்டுவார். இருமல் மருந்து அந்த வட்டாரத்துப் போதை, பெயர் அங்கிருந்துதான். உறை கையில் இருந்திருந்தால் இந்த இழையே வேண்டாம்.

மழைச்சத்தம்: சொல்லப்போனால் தொகுப்பிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். மூலப்பாட்டில் மூச்சு விட இடம் இருக்காது. மெதுவாக்கியதும் ஒவ்வொரு டிரம் அடிக்கும் நடுவில் எதிரொலி விரிவது தனியாகக் கேட்கும். ஹெட்போனில் கேளுங்கள்.

தரம்_முக்கியம்: வேகம்தான் பிரச்சினை என்று முதல் பதிலிலேயே நான் சொல்லியிருந்தேன்.

கூடை_நிறைய: 😂

சுருட்டைமுடி: சரி, புரிந்தது. எல்லாருக்கும் நன்றி. டிரைவில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது, அது எங்கே போகும்?

பெல்ட்_மாமா: படம் எடுத்துப் போடுங்கள்.