அம்பாசிடர் டீசல்: ஆம்ப் போட்டதிலிருந்து ஆக்சிலரேட்டரோடு ஏறும் ‘கீ’ சத்தம், உதவி தேவை

காட்பாடி டீசல்:
வணக்கம். வண்டி 1996 அம்பாசிடர் டீசல், டி.என். 23 பதிவு. அப்பா வாங்கியது, இன்றைக்கும் நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. பழைய கேசட் செட் வேலை செய்யாமல் போய் ரொம்ப நாளாயிற்று. திருவண்ணாமலை போகும்போது அம்மாவுக்குப் பாட்டு வேண்டும். அதனால் புளூடூத் செட், முன்னால் 4 இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பின் கண்ணாடித் தட்டில் 6×9 ஓவல் ஒரு ஜோடி, டிக்கியில் நாலு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) என்று மொத்தமாகப் போட்டேன்.

இன்ஜின் நிற்கும்போது பாட்டு அருமையாக இருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் ‘கீ’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது. ஹெட்லைட் போட்டால் இன்னும் மோசம். வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தாலும் நிற்கவில்லை. போட்டுக் கொடுத்த கடையில் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

சத்துவாச்சாரி வாசகர்:
ப்ரோ, நாய்ஸ் ஃபில்டர் ஒன்று வாங்கி, செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயருக்கு நடுவில் சொருகுங்கள். முடிந்தது.

ஆற்காடு வயர்மேன்:
தம்பி, ஆல்டர்னேட்டருக்கும் ஃபில்டருக்கும் இப்போதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் பிளக் வயரிலிருந்து ‘டிக் டிக்’ என்று வரலாம். டீசலில் பிளக்கில் நெருப்புப் பொறியே கிடையாது. வேகத்தோடு ஏறுகிற ‘கீ’ ஆல்டர்னேட்டரிலிருந்துதான் வரும். ஆனால் எந்த ஆல்டர்னேட்டர் தரும் கரன்ட்டிலும் கொஞ்சம் ஏற்ற இறக்க அலை இருக்கத்தான் செய்யும். அது பாட்டுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பதைத்தான் பிடிக்க வேண்டும். வால்யூம் பூஜ்ஜியத்திலும் கேட்கிறது என்றால், செட்டில் வால்யூம் குறைக்கும் இடத்தைத் தாண்டித்தான் சத்தம் சேர்கிறது.

இன்ஜினை ஓடவிட்டு ஆம்பிலிருந்து ஆர்சிஏ வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றதா இல்லையா என்று சொல்லுங்கள். ஆம்பின் எர்த் எங்கே மாட்டியிருக்கிறது, செட்டின் எர்த் எங்கே, சிவப்புப் பவர் வயரும் ஆர்சிஏ வயரும் எந்தப் பக்கமாகப் போகின்றன என்றும் பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் ஹெட்லைட் போட்டு, பாட்டையும் ஓடவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் ஆம்பின் மைனஸுக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று டிசியில் அளந்து எழுதுங்கள். பிறகு பேட்டரி முனைகளில் ஏசியில் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள்.

காட்பாடி டீசல்:
அண்ணா, பார்த்துவிட்டேன். ஆர்சிஏவைக் கழற்றியதும் சத்தம் சுத்தமாக நின்றது. ஆம்பின் எர்த் டிக்கியில் கார்ப்பெட்டைப் பிடிக்கும் ஒரு ஸ்க்ரூவில், பெயின்ட்டுக்கு மேலேயே முறுக்கியிருக்கிறது. செட்டின் எர்த் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பிராக்கெட்டில். பவர் வயரையும் ஆர்சிஏவையும் ஒன்றாக டேப் சுற்றி இடது பக்கமாகவே கொண்டுபோயிருக்கிறார்கள்.

இன்ஜின் நிற்கும்போது பேட்டரியில் 12.5 வோல்ட், ஓடும்போது 14.1. ஏசியில் 0.04தான் காட்டுகிறது. பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப் மைனஸுக்கும் நடுவே 0.6 வோல்ட்.

ஆற்காடு வயர்மேன்:
அந்த 0.6தான் குற்றவாளி. அங்கே 0.1க்குள் இருக்க வேண்டும். ஏசி 0.04 என்றால், ஏசியை டிசியாக மாற்றும் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் நன்றாக இருக்கின்றன, அதைத் தொடவே வேண்டாம்.

ஆம்ப் இழுக்கும் கரன்ட் எல்லாம் பாடித் தகடு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பெயின்ட்டும் துருவும் அந்த வழியை அடைத்தால் கரன்ட் வேறு வழி தேடும். செட்டையும் ஆம்பையும் இணைக்கிற ஆர்சிஏ வயரின் வெளிப் பின்னல் அதற்குக் குறுக்குவழி ஆகிவிடுகிறது. ஆல்டர்னேட்டரின் அலை அதில் ஏறினால், ஆம்ப் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிக் கொடுக்கிறது. ஹெட்லைட் போட்டால் லோடு கூடும், சத்தமும் கூடும். ஃபில்டர் சத்தத்தை மறைக்கலாம், ஆனால் மலிவானது பேஸையும் சேர்த்துத் தின்றுவிடும். எர்த் அப்படியேதான் இருக்கும்.

முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். டிக்கியில் கெட்டியான தகட்டில், பளபளவென்று இரும்பு தெரிகிறவரை பெயின்ட்டைச் சுரண்டுங்கள். துளை போடும் முன் அடியில் டீசல் டேங்க் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். வயர் நுனியில் வளைய லக் என்ற உலோக முனையை அழுத்தி, பல் வாஷர் வைத்து, போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். எர்த் வயர் பவர் வயர் அளவுக்கே தடிமனாக, ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும்.

பிறகு பானட்டைத் திறங்கள். இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவே போகும் பின்னல் பட்டை இந்த வயது வண்டிகளில் பச்சை பிடித்துப் பாதி அறுந்திருக்கும். அதையும் பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு வரும் வயரையும் புதிதாகப் போடுங்கள். ஆர்சிஏவை வலது பக்கத்துக்கு மாற்றுங்கள். எங்காவது பவர் வயரைக் கடக்க வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கட்டும், பக்கத்திலேயே ஓட விடாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரில் பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்கிறதா? ஆம்பில் இருக்கும் ஃப்யூஸ் ஆம்பைத்தான் காக்கும். ஃபயர்வால், அதாவது இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு, அதன் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் வயர் தகட்டில் உரசி உரசித் தோல் போய்விட்டால், பேட்டரியின் முழுக் கரன்ட்டும் அங்கே பாய்ந்து தீப்பிடிக்கும். உள்ளே ஆட்கள் உட்காரும் வண்டி இது. இன்றே பாருங்கள்.

காட்பாடி டீசல்:
ஃப்யூஸ் இல்லை அண்ணா. ரப்பர் வளையமும் இல்லை. இப்போதே பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டேன்.

குடியாத்தம் ஸ்பீக்கர்:
கையோடு இதையும் செய்யுங்கள். பவர் வயர் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்கு மேல் தாமிரப் பூச்சு. அதே தடிமன் முழுத் தாமிர வயர் அளவுக்கு அது கரன்ட் தாங்காது, மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஸ்பீக்கர்களின் பிளஸ் மைனஸ். ஒன்று மாறியிருந்தால்கூட பேஸ் காணாமல் போய்விடும். ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் சரியாக இருந்தால் கூம்பு வெளியே தள்ளும், மாறியிருந்தால் உள்ளே இழுக்கும். பின் தட்டு வெறும் அட்டையாக இருந்தால் அடியில் 12 மி.மீ. பிளைவுட் வைத்து அதில் 6×9ஐப் பிடியுங்கள், கடகடப்பு நிற்கும். நம்ம வேலூர் வெயிலில் பின் கண்ணாடிக்கு அடியில் காகிதக் கூம்பு சீக்கிரம் வெடித்துவிடும். அடுத்த முறை மாற்றும்போது பாலிபுரொப்பிலீன் கூம்பாகக் கேட்டு வாங்குங்கள்.

காட்பாடி டீசல்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தோட்டப்பாளையத்தில் லக், பின்னல் பட்டை, ஃப்யூஸ் ஹோல்டர், ரப்பர் வளையம் எல்லாம் கிடைத்தன. இன்ஜின் பட்டையைக் கையில் எடுத்ததும் சில இழைகள் பொடியாகவே உதிர்ந்தன. பவர் வயர் நல்லவேளை முழுத் தாமிரம்தான். பின் ஸ்பீக்கர் ஒன்று தலைகீழாக இருந்தது, மாற்றினேன். இப்போது அதே இடத்தில் அளந்தால் 0.05. கண்ணமங்கலம் வரை ஓட்டிப் பார்த்தேன். ஹெட்லைட் போட்டும் ‘கீ’ இல்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தனியாகக் கேட்கிறது. ஆல்டர்னேட்டர் அதேதான்.

ஒரே ஒரு சந்தேகம். சாவியை எடுத்தால் செட்டில் நேரம், ஸ்டேஷன், புளூடூத் ஜோடி எல்லாம் அழிந்துவிடுகின்றன. செட் கோளாறா?

ஆற்காடு வயர்மேன்:
இல்லை தம்பி. செட்டின் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் சேர்த்துச் சாவியில் கொடுத்திருப்பார்கள். சிவப்பு சாவியிலேயே இருக்கட்டும். மஞ்சளைத் தனி ஃப்யூஸ் போட்டு நேராக பேட்டரி பிளஸ்ஸுக்குக் கொடுங்கள். நினைவில் வைப்பது அந்த வயர்தான்.