சட்டசபைச் சண்டையும் இன்றைய தேக்காக் கூட்டமும்

சிங்கப்பூர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று (18.02.2017) சட்டசபையில் முதல்வர் எடப்பாடியார் நம்பிக்கை கோரியபோது நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். மைக் உடைந்தது, நாற்காலி உருண்டது, ஒரு உறுப்பினர் சபாநாயகர் இருக்கையிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். திமுகவினரை வெளியேற்றிய பிறகு எடப்பாடியாருக்கு ஆதரவு 122, எதிர்ப்பு 11.

எண்ணிக்கைப்படி ஜெயித்தது ஜெயித்ததுதான். ஆனால் பத்து நாளாகக் கூவத்தூர் விடுதியில் வைத்திருந்து, அங்கிருந்து நேரே கோட்டையில் கொண்டுவந்து இறக்கிய ஆட்களை வரிசை வரிசையாக எழுப்பித் தலை எண்ணினால், மனசில் இருப்பதை எவர் காட்டுவார்? ரகசிய வாக்கெடுப்பு கேட்டதில் தப்பே இல்லை என்பது என் கருத்து.

பெரியவர்களுக்கு 1988 ஜனவரி ஞாபகம் வரும். ஜானகி அம்மாள் நம்பிக்கை கோரிய அன்று போலீஸ் சபைக்குள்ளேயே புகுந்து அடித்தது; இரண்டே நாளில் ஆட்சி கலைந்தது. அன்று சபாநாயகராக இருந்த பி.எச். பாண்டியன்தான் இன்று ஓ.பி.எஸ். அணியில் நின்று நியாயம் பேசுகிறார். என்னத்தைச் சொல்ல!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். துவாஸ் தொழிற்பேட்டைத் தம்பிகள் சிலர் இன்று தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) எதிர்ப்பு அட்டை பிடித்து நிற்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம் தம்பிகளா. இங்கே அனுமதியில்லாமல் ஒரே ஆள் அட்டை பிடித்து நின்றாலும் சட்டப்படி அது கூட்டம்தான். கூட்டம் போடவென்றே விட்டிருக்கும் ஹாங் லிம் பூங்காவிலும் வெளிநாட்டுக்காரர் கலந்துகொள்ளப் பெர்மிட் வேண்டும். 2013 டிசம்பர் தேக்காக் கலவரத்துக்குப் பிறகு 50 பேருக்கு மேல் ஊருக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கி, வட்டிகூட அடைக்காத பையன்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நமக்கு ஓட்டும் இங்கிருந்து போட முடியாது, நேரில் போனால்தான் உண்டு. ஆனால் போன் இருக்கிறதே. எம்.எல்.ஏ.க்கள் இனித் தொகுதிக்குத்தான் வந்தாக வேண்டும். நம்மவர் ஊர்ப்பக்கம் தலைகாட்டினால், பயிர் நிவாரணம் எங்கே என்று கேட்கச் சொல்லி வீட்டில் சொல்லுங்கள். ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டமும் வறட்சி என்று அறிவித்தவர் ஓ.பி.எஸ்., கொடுக்க வேண்டியவர் எடப்பாடியார். இவர்கள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் வரை நம் கடைமடை காத்திருக்குமா?

மாதக் கூட்டம் வழக்கம்போல் மாலை 5 மணிக்கு. எந்த அணிக்காரரும் வரலாம், கரைவேட்டி மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
செயலாளர்