புதுப்பிப்பு: மழைநீர்த் தொட்டியில் வாடை நின்றுவிட்டது

ஐப்பசி மழைக்கு அப்புறம் மழைநீர்த் தொட்டித் தண்ணீர் மஞ்சளாகி வாடை அடிக்கிறது, வடிகட்டியை மாற்றவா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மணல், ஜல்லி, கரி போட்ட வடிகட்டி நன்றாகத்தான் இருந்தது. சிக்கல் மொட்டைமாடியில்தான்: வேப்பஞ்சருகு, புறா எச்சம், புழுதி எல்லாம் முதல் மழையோடு நேராக உள்ளே வந்திருக்கிறது.

இப்போது முதல் மழையைத் தனி டிரம்மில் பிடிக்கிறோம். 1,000 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் பெய்தாலே சுமார் 93 லிட்டர். அதனால் 200 லிட்டர் டிரம். அது நிரம்பிய பிறகுதான் தண்ணீர் வடிகட்டிக்குப் போகும். அடியில் ஒரு சின்னக் குழாயைச் சொட்டவிட்டிருப்பதால், அடுத்த மழைக்குள் டிரம் தானாகவே காலியாகிவிடும். வாடை நின்றது இதனால்தான்.

மூடியில் வெளிச்சம் புகுந்த இடுக்கையும் அடைத்தோம், இனி பாசி பிடிக்காது. நிரம்பி வழியும் குழாயின் வாயில் வலை கட்டாயம். டெங்கு கொசு நல்ல தண்ணீரிலேயே முட்டையிடும்.

தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே குடித்துவிடாதீர்கள். நாங்கள் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். கிருமியைக் கொல்லக் குளோரின் போடுவது பற்றிக் கேட்டவருக்கு: போட்டு அரை மணி நேரம் கழித்தும் தண்ணீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும்.