புதுப்பிப்பு: மாமனாரின் அல்ஸ்டர் மூதாதையர் அகப்பட்டார்

என் மனைவி வர்ஜீனியாக்காரர். அவருடைய அப்பா வழி மூதாதையர் 1730களில் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து பிலடெல்பியா வந்ததாகக் குடும்பத்தில் பேச்சு. ஆனால் எந்தக் கப்பல் பட்டியலிலும் பெயர் இல்லையே என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன்.

காரணம் எளிதுதான். 1727 முதல், பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியாவில் எழுதிவைத்த பட்டியல்கள் பெரும்பாலும் ஜெர்மானியருடையவை; வெளிநாட்டவர் என்பதால் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி தர வேண்டியிருந்தது. அல்ஸ்டர்காரர்கள் ஏற்கெனவே பிரிட்டிஷ் மன்னரின் குடிகள். அவர்களை யார் வரிசையில் நிறுத்திப் பெயர் கேட்கப்போகிறார்கள்?

அப்புறம் கப்பல் பட்டியலை விட்டுவிட்டு நில ஆவணங்களில் தேடினேன். சொந்தச் செலவில் வந்தவர்களுக்கு வர்ஜீனியாவில் அப்போது தலைக்கு 50 ஏக்கர் நிலம் பெறும் உரிமை இருந்தது. அதற்கு நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. 1740இல் ஆரஞ்சு கவுண்டி (மாவட்டம்) நீதிமன்றத்தில் அப்படிச் சத்தியம் செய்தவர்களில் நம் ஆளும் இருக்கிறார்: அயர்லாந்திலிருந்து பிலடெல்பியா, அங்கிருந்து வர்ஜீனியா, கூடவே மனைவி, பிள்ளைகளின் பெயர்கள். வந்து சில ஆண்டுகள் கழித்தும் இப்படிச் சத்தியம் செய்தார்கள் என்பதால், அந்தத் தேதியை வந்த தேதியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆரஞ்சிலிருந்து பிரிந்த அகஸ்டா கவுண்டியின் ஆவணங்களுக்கு 1912இல் வெளிவந்த மூன்று தொகுதிச் சுருக்கம் உதவும். ஆனால் சுருக்கம் சுருக்கம்தான், அசலையும் பாருங்கள்.

அல்ஸ்டர் பக்கம் இன்னும் இழுபறி. 1740 புராட்டஸ்டன்ட் குடும்பத் தலைவர் பட்டியலின் நகல்களில் அதே பெயர் பல பங்குகளில் (தேவாலய வட்டாரங்களில்) வருகிறது. 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் ஏராளமான மூல ஆவணங்கள் போய்விட்டன. பிரெஸ்பிட்டேரியன் என்னும் புராட்டஸ்டன்ட் பிரிவின் தேவாலயப் பதிவேடுகளில் தேடிய அனுபவம் யாருக்காவது உண்டா?