777 போட்டால் என்ன குடி முழுகிவிடும்?

புதுசா_வந்தவன்: லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. அப்பாச்சி என்ற வெப் சர்வரின் ஹெச்டிஎம்எல் ஃபோல்டரில் ஒரு பிஎச்பி ஃபைலைப் போடப் போனால் 'பர்மிஷன் டினைடு'. எங்கேயோ பார்த்து, அட்மின் அதிகாரம் தரும் சூடோவோடு, அனுமதியை மாற்றும் சிஎச்மோட் 777 அடித்தேன், சரியாகிவிட்டது. நண்பன் திட்டுகிறான். அப்படி என்ன தப்பு?

கருப்புத்_திரை: திட்டியது சரிதான். 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க, கூட்டினால் 7. முதல் 7 உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி 7 ஊரில் மிச்சமுள்ள எல்லோருக்கும். அந்த எல்லோரில் அப்பாச்சி ஓடுகிற டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனரும் உண்டு, அதனால் உங்கள் பிஎச்பி நிரலில் ஒரு ஓட்டை இருந்தால் வெளியாள் அதன் வழியாகத் தன் ஃபைலை அங்கே எழுதி ஓடவிடலாம்.

டீக்கடை_பெஞ்ச்: வீட்டு லேப்டாப்புங்க, பேங்க் சர்வர் இல்லை. ஃபோட்டோ, பாஸ்வேர்டு எல்லாம் ஹோம் ஃபோல்டரில் அவர் பெயரில்தான் கிடக்கிறது, அதைத் திருட ரூட் என்ற முழு அதிகாரம் எதற்கு? முறையான வழியில் போய்த்தான் நான் மாட்டினேன். 777-க்குப் பதில் ஃபோல்டரின் குழுவில் சேர யூசர்மாட் கட்டளை அடிக்கும்போது கேபிடல் ஜி போட்டேன், கூட வரவேண்டிய ஏ-வை விட்டுவிட்டேன். பழைய குழுக்கள் எல்லாம் போச்சு, சூடோ அடிக்க உரிமை தரும் சூடோ குழுவும் சேர்த்து! ரெகவரி மோடில் போய் மீட்பதற்குள் விடிந்துவிட்டது.

கருப்புத்_திரை: ஹோம் பற்றிச் சொன்னது நியாயம், மறுக்கவில்லை. ஆனால் 777 பழகிய கை ஒருநாள் ஹைஃபன் ஆர் (உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும்) போட்டு, பின்னால் வெறும் சாய்கோட்டையும் (மொத்த சிஸ்டம்) அடிக்கும். அன்றைக்கு சூடோவை ரூட்டாக ஓடவைக்கும் செட்யுஐடி பிட் போய்விடும், அப்புறம் திருத்துவதற்கு சூடோவே இருக்காது. இவருக்குக் குழுவே வேண்டாம். உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் போட்டு ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் தன் பெயருக்கு மாற்றி, ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 கொடுத்தால் போதும். அப்பாச்சி படித்தால் சரி, எழுத வேண்டியதில்லை.

டீக்கடை_பெஞ்ச்: அப்லோடு வைத்தால்?

கருப்புத்_திரை: அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அப்பாச்சி பயனருக்குக் கொடுங்கள்.

புதுசா_வந்தவன்: சிஎச்ஓன் ஆயிற்று. அப்புறம் ஹைஃபன் ஆர் போட்டு மொத்தத்துக்கும் 644 அடித்தேன், இப்போது ஃபோல்டருக்குள் நானே நுழைய முடியவில்லை!

டீக்கடை_பெஞ்ச்: 777 எவ்வளவோ தேவலாம் போலிருக்கிறதே.

கருப்புத்_திரை: ஃபோல்டருக்கு அந்த 1 என்பது உள்ளே நுழையும் அனுமதி, 644-இல் அது இல்லை. சூடோவோடு ஃபைண்ட் அடித்து, டைப் டி கொடுத்து, ஃபோல்டர்களுக்கு மட்டும் 755 போடுங்கள். எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று பிடபிள்யூடி அடித்துப் பார்த்துவிட்டு!