76 எடுத்த சண்டர்லாந்து மேலே, 90 எடுத்த ஷெஃபீல்டு யுனைடெட் அங்கேயே: இது என்ன நியாயம்?

இடதுகால்_10 கேட்டது:

இங்கிலாந்து கால்பந்தின் இரண்டாம் அடுக்கு லீக்கான சாம்பியன்ஷிப்பின் 2024-25 புள்ளிப் பட்டியலை இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். லீட்ஸ் 100, பர்ன்லி 100, ஷெஃபீல்டு யுனைடெட் 90, சண்டர்லாந்து 76. முதல் இரண்டும் நேராக மேல் அடுக்கான பிரீமியர் லீக் போனது சரி, ஆனால் மூன்றாவதாக ஏறியது சண்டர்லாந்து! ஷெஃபீல்டுக்கு 2 புள்ளி வெட்டிய பிறகும் நடுவில் 14 புள்ளி இடைவெளி. போதாததற்கு சண்டர்லாந்து தன் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோற்றிருக்கிறது. நான் பிரீமியர் லீக் மட்டும் பார்க்கிற ஆள், அதனால் கேட்கிறேன், 46 ஆட்டம் ஆட வைத்துவிட்டு, மூன்றாம் இடம் முதல் ஆறாம் இடம் வரை வந்தவர்களை மே மாதம் பிளே-ஆஃப் என்று மோதவிட்டு மூன்றே ஆட்டத்தில் முடிவு செய்வது என்ன முறை? அந்த சீசனை முழுசாகப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அது நிஜமாகவே நல்ல அணிதானா, இல்லை வெறும் அதிர்ஷ்டமா?

கடைசிநிமிடம்:

அதிர்ஷ்டம். அடுத்த கேள்வி?

மேற்கு_ஸ்டாண்ட்:

மேலே இருப்பவர் சொல்வதை விடுங்கள். கடைசி ஐந்து தோல்வியை வைத்து அந்த அணியை எடை போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஏப்ரல் இரண்டாவது வாரத்திலேயே அவர்கள் கையில் அந்த 76 புள்ளியும் வந்துவிட்டது. முதல் இரண்டு இடம் எட்டாது, முதல் ஆறு இடம் கை நழுவாது, அப்புறம் எதற்காக ஓட வேண்டும்? பயிற்சியாளர் ரெஜிஸ் லெ ப்ரி ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினார், சோர்ந்தவர்களுக்கு ஓய்வு கொடுத்தார். தொடர்ந்து தோற்றால் தன்னம்பிக்கை போய்விடும் என்று அப்போது எல்லோரும் திட்டியது உண்மைதான், நானும்தான்.

சீசன் தொடக்கத்தைப் பாருங்கள். முதல் நான்கு ஆட்டமும் வெற்றி. அதில் ஒன்று பர்ன்லிக்கு எதிராக 1-0. பர்ன்லி அந்த வருடம் மொத்தமே இரண்டு ஆட்டம்தான் தோற்றது, 46 ஆட்டத்தில் வாங்கியது 16 கோல். அப்படிப்பட்ட அணியை அடித்திருக்கிறார்கள். ஜனவரியில் பர்ன்லி மைதானத்திலேயே மறுபடி ஆடினார்கள், 0-0. அந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் சண்டர்லாந்துக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது, வில்சன் இசிடோர் அடித்த இரண்டையும் பர்ன்லி கீப்பர் ஜேம்ஸ் டிராஃபர்ட் தடுத்தார். அக்டோபரில் லீட்ஸோடு 2-2, அது மட்டும் சுத்த அதிர்ஷ்டம்தான், 97வது நிமிடத்தில் லீட்ஸ் கீப்பர் சும்மா பிடிக்க வேண்டிய பந்து துள்ளி உள்ளே போய்விட்டது.

இதையெல்லாம் எந்த அணியை வைத்துச் செய்தார்கள்? முந்தைய சீசனில் 16வது இடம். முக்கியமான கோல் அடிப்பவர் ஜாக் கிளார்க்கை ஆகஸ்டில் இப்ஸ்விச்சுக்கு விற்றுவிட்டார்கள். நடுக்களத்தில் கிறிஸ் ரிக், வயது 17, பக்கத்தில் ஜோப் பெல்லிங்ஹாம், 19. ஜனவரியில் ரோமாவில் இருந்து என்ஸோ லெ ஃபே லோனில் (தற்காலிகக் கடனாக) வந்த பிறகுதான் பந்தை நிதானமாக வைத்திருக்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தார். 100 புள்ளிக்கான அணி இல்லைதான், ஆனால் யாரையும் எந்த நாளிலும் அடிக்கக்கூடிய அணி. பிளே-ஆஃபுக்கு அது போதும்.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் புள்ளியை மட்டும் பேசுகிறீர்கள், பணத்தை யாரும் பேசவில்லை. பிரீமியர் லீக்கில் இருந்து இறங்கும் கிளப்புக்கு பாராசூட் பணம் என்று ஒன்று வரும், அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு. லீட்ஸ் இறங்கியது 2023-ல், பர்ன்லியும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் 2024-ல். ஆக சண்டர்லாந்துக்கு மேலே இருந்த மூன்று பேருமே அந்தப் பணத்தோடு ஆடியவர்கள். சண்டர்லாந்து 2017-ல் இறங்கி, அடுத்த வருடமே இன்னொரு படி கீழே விழுந்து, மூன்றாம் அடுக்கில் நான்கு சீசன் கிடந்தது. அவர்களுக்கு வந்த பாராசூட் பணமெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டது. 14 புள்ளி வித்தியாசத்தில் எத்தனை புள்ளி காசு கொடுத்து வாங்கியது என்று யாராவது கணக்குப் போட்டால் நல்லது.

பிளே-ஆஃப் 1986-87-ல் இருந்தே நடக்கிறது, சீசன் தொடங்கும்போதே எல்லோருக்கும் விதி தெரியும். அது இல்லையென்றால் மார்ச் மாதத்தோடு பாதி அணிகளுக்கு வேலை முடிந்துபோகும்.

எஃகுநகரம்:

ஷெஃபீல்டு பக்கம் பேச ஒருவர் வேண்டாமா, நான் வருகிறேன். பாராசூட் வாதம் சரிதான், ஆனாலும் அந்த 2 புள்ளி தண்டனை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள், 2022-23-ல் மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய பணத்தை நேரத்துக்குத் தராததற்கு. 2024-25-ல் ஆடிய வீரர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? செமி ஃபைனலில் பிரிஸ்டல் சிட்டியை இரண்டு ஆட்டத்திலும் 3-0 அடித்தார்கள். ஃபைனலில் 25வது நிமிடம் டைரீஸ் கேம்ப்பெல் கோல். கொஞ்ச நேரத்தில் ஹாரிசன் பர்ரோஸ் இரண்டாவதை அடித்தார், கீப்பரின் பார்வையை மறைத்து ஒருவர் ஆஃப்சைடில் நின்றார் என்று வி.ஏ.ஆர். (வீடியோ நடுவர் முறை) அதை ரத்து செய்தது. சீசன் முழுக்க சாம்பியன்ஷிப்பில் வி.ஏ.ஆர். கிடையாது, ஃபைனல் நடந்த வெம்ப்ளி மைதானத்துக்கு மட்டும் கொண்டுவந்தார்கள்! முடிவு சட்டப்படி சரியாகவே இருக்கட்டும், 46 ஆட்டம் ஒரு விதி, ஃபைனலுக்கு வேறு விதி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதோடு சேர்த்து அவர்களுக்கு பிளே-ஆஃபில் பத்தாவது ஏமாற்றம், ஒரு தடவைகூட அந்த வழியில் ஏறியதில்லை.

எனக்குத் தோன்றுவது, மூன்றாம் இடம் 10 புள்ளிக்கு மேல் முன்னால் இருந்தால் நேராக ஏற்றிவிட வேண்டும்.

கடைசிநிமிடம்:

நல்ல யோசனை, டிவிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஒரு ஆட்டத்துக்குக் குறைந்தது 20 கோடி பவுண்டு மதிப்பு என்று டெலாய்ட் என்ற கணக்கு நிறுவனம் சொன்னது, அதை வைத்துத்தானே விற்கிறார்கள்.

இடதுகால்_10:

நன்றி எல்லோருக்கும். பாராசூட் விஷயம் சுத்தமாகத் தெரியாது. எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை, 90 புள்ளி 90 புள்ளிதான். சரி, மேலே போன பிறகு அவர்கள் தாக்குப்பிடித்தார்களா? அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் ஏறிய மூன்று அணிகளும் அப்படியே திரும்பி இறங்கியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம், ஃபைனலை முழுசாகப் பார்க்கலாமா, ஹைலைட்ஸ் போதுமா?

மேற்கு_ஸ்டாண்ட்:

முதல் ஆட்டத்திலேயே வெஸ்ட் ஹாமை 3-0. கோடையில் கிரானிட் ஜாக்கா உட்பட ஒரு படையையே வாங்கினார்கள், ஆனால் அன்று கோல் போட்ட மயெண்டா, பல்லார்ட், இசிடோர் மூவருமே சாம்பியன்ஷிப்பில் ஆடிய பழைய ஆட்கள். அதிர்ஷ்டம் என்றவர் இதற்கு என்ன சொல்வார்?

ஃபைனலுக்கு இரண்டாம் பாதி போதும். 76வது நிமிடம் மயெண்டா சமன் செய்கிறார், 90 நிமிடத்துக்குப் பிறகு சேர்த்த நிமிடங்களில் டாம் வாட்சன் வெற்றி கோலை அடித்து முடிக்கிறார். அந்தப் பையன் சண்டர்லாந்து அகாடமியில் வளர்ந்தவன், வயது 19, ஏப்ரலிலேயே பிரைட்டனுக்குப் போவது முடிவாகி ரசிகர்கள் கடுப்பில் இருந்தார்கள். அவன் காலில் இருந்துதான் அந்த கோல் வந்தது.

முழுசாகப் பார்க்க வேண்டியது கோவென்ட்ரிக்கு எதிரான செமி ஃபைனல் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் 2-1 முன்னிலையோடு வந்து, சொந்த மைதானத்தில் ஒரு கோல் வாங்கி, கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டிக்குப் போகப்போகிற நேரத்தில், 122வது நிமிடம் கார்னரில் டான் பல்லார்ட் தலையால் முட்டுகிறார். முதல் ஒரு மணி நேரம் தூக்கம் வரும், அதை மட்டும் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.