காந்தளூர் (கேரளம், இடுக்கி மலை) தோட்ட வீடு, சொந்தச் சமையல்: அனுபவம் உள்ளவங்க எழுதுங்க

உடுமலைக்காரன்
ஆகஸ்ட். ஆப்பிள் சிவந்து நின்ற நேரம். தோட்டத்துக்காரர் "ரெண்டு பறிச்சுக்கோங்க" என்றார். கூட வந்தவர் மாங்காய் இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பு. டக். காயோடு அரை விரல் நீளத்துக்குக் குச்சியும் கையில் வந்துவிட்டது. தோட்டத்துக்காரர் எதுவும் சொல்லவில்லை. குச்சியை மட்டும் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தக் குச்சிதாங்க விஷயம். வளையம் வளையமாகச் சுருக்கம் விழுந்து, நுனியில் தடித்த மொட்டோடு இருக்குமே, ஆப்பிள் வருஷா வருஷம் பூக்கிறது பெரும்பாலும் அதில்தான். அது ஒடிந்தால் ஒரு காயோடு கணக்கு முடியாது, பல வருஷத்துக் காய் போகும். காயை உள்ளங்கையில் ஏந்தி, ஆள்காட்டி விரலைக் காம்பு சேரும் இடத்தில் கொடுத்து, மேல்பக்கம் தூக்கி லேசாகத் திருப்பணும். முற்றியிருந்தால் காம்போடு கழன்று வரும். வரவில்லையா, விட்டுவிடணும்.

அடுப்படி
நம்ம ஆட்களுக்குச் சோற்றில் தகராறு. பானையில் வடிக்க வைத்தது, முக்கால் மணி நேரம் தளதளவென்று கொதித்தும் பருக்கை நடுவில் வெள்ளைப் புள்ளி. அரிசியைத் திட்டிக்கொண்டே விறகை மேலே மேலே தள்ளினார்கள். அரிசி மேல் குற்றமில்லை. காந்தளூர் சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிர அதற்கு மேல் சூடு ஏறாது.

குக்கர் எடுத்துப் போங்கள். சமவெளியில் குக்கருக்குள் 121 டிகிரி என்றால் அங்கே 117, 118 வரும். அரிசி அரை மணி ஊறல், வழக்கத்தைவிட ஒரு விசில் கூட. துவரம்பருப்பு ஒரு மணி ஊறல். புளியும் தக்காளியும் பருப்பு குழைந்த பிறகுதான். முதலிலேயே புளிப்பு விழுந்தால் வேகாது. கொண்டைக்கடலைக்கு ராத்திரியே நினைவு வரணும். இதெல்லாம் தொல்லை என்றால் பாசிப்பருப்போடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

அப்புறம் 5 கிலோ சிலிண்டர் வைத்திருக்கும் வீடுகள். டிசம்பர், ஜனவரிக் காலையில் கேஸ் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது இரண்டு பர்னரையும் ஒன்றாகத் திருகினால் தீ சுருங்கிவிடும். கேஸ் தீர்ந்ததாக நினைத்து மாற்றிவிடுகிறார்கள். திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் இன்னும் குளிர்ந்து அழுத்தம் இறங்குவதுதான் காரணம், வெளியே வியர்த்திருப்பதைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஒரு பர்னர் மட்டும் எரியுங்கள். சிலிண்டர் பக்கத்தில் தணல் கொண்டுபோய் வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

அஞ்சுநாட்டான்
அடுப்படி சொல்கிற அளவுக்கு வடித்த சோறு ஒன்றும் அசாத்தியம் இல்லை. ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, தட்டால் மூடி, தட்டின் மேல் தண்ணீர்ச் செம்பை வைத்தால் வெந்துவிடும். இங்கே குக்கர் வருவதற்கு முன்னால் யாரும் பட்டினி கிடக்கவில்லை.

உடுமலைக்காரன் அண்ணன் சொன்ன குச்சி ஆப்பிளுக்குச் சரி, சபர்ஜில்லுக்கும் (பேரிக்காய்) சரி. எல்லா மரத்துக்கும் சரி கிடையாது. பீச், போன வருஷம் விட்ட குச்சியில்தான் காய்க்கும்; காய்த்த இடத்தில் மறுபடி காய்க்காது. அதனால்தான் பீச் மரத்தைக் கவாத்துப் பண்ணாமல், அதாவது கிளை வெட்டாமல், விட்டால் காய் வருஷத்துக்கு வருஷம் எட்டாத உயரத்துக்குப் போகிறது. பிளம்ஸ் இரண்டும் கெட்டான், இரண்டு மாதிரியும் காய்க்கும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், பிளம்ஸ் கொண்டுபோகிறவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் உடுமலை சேர்வதற்குள் கெடுத்துவிடுகிறார்கள். மறையூர் தாண்டிச் சின்னாறு இறங்கும்போது மழைமறைவுக் காடு, முள்ளும் வெக்கையும். மேலே ஸ்வெட்டர் போட்டிருந்த ஆள் கீழே விசிறிக்கொள்வார். பழத்துக்கும் அதே நிலைமைதான். காலையில் வெயில் ஏறுமுன் பறிக்கணும். கொஞ்சம் கெட்டியாக, நிறம் ஏறிய காயாகப் பார்த்து எடுக்கணும். தோல் மேல் சாம்பல் பூத்த மாதிரி இருப்பது மருந்தில்லை, பழத்தின் சொந்த மெழுகு. அதைத் துடைக்கவோ கழுவவோ கூடாது. ஈரம் பட்ட பழத்தில் மறுநாளே பூஞ்சை பிடிக்கும். அகலமான அட்டைப்பெட்டி, அடியில் கசக்கிய செய்தித்தாள், அதிகம் போனால் இரண்டு அடுக்கு. பிளாஸ்டிக் கவர் ஆகாது. டிக்கியில் வைக்காமல் காலடியில் வைத்தால் வளைவுகளில் உருளாது. ஆப்பிளும் பிளம்ஸும் ஒரே பெட்டியில் போடாதீர்கள், ஆப்பிள் விடும் வாயு மற்றதைச் சீக்கிரம் பழுக்க வைத்துவிடும்.

ஊர்க்குருவி
மலையாளம் தெரியாவிட்டால் சமாளிக்க முடியுமா? குடும்பத்தோடு வருகிறோம்.

அஞ்சுநாட்டான்
கேரள எல்லைதான், இடுக்கி மாவட்டம். ஆனால் காந்தளூர், கீழாந்தூர், காரையூர் பக்கம் பழைய குடிகள் வீட்டில் பேசுவது தமிழ். தாராளமாக வாங்க.

கும்முட்டி
ராத்திரி ஒன்பது மணிக்கு அடுப்புத் தணலை இரும்புச் சட்டியில் அள்ளிப் படுக்கை அறைக்குள் வைத்தார்கள். புகை வராத நல்ல சிவந்த கரி. ஜன்னல் இடுக்கில் துண்டு திணித்திருந்தது. பத்தரைக்குள் ஒரு பெண்ணுக்குத் தலைவலி, இன்னொருவருக்குக் குமட்டல். "மலை ஏறினதால இருக்கும்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரம்மா தண்ணீர்ச் செம்பு கொடுக்க வந்து கதவைத் திறந்ததால் பிழைத்தார்கள்.

புகை இல்லையே என்பதுதான் ஏமாற்று. தணல் விடும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தணல் மங்க மங்க இன்னும் ஆபத்து. ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் அது மலை ஏறியதால் அல்ல: உடனே எல்லோரும் வெளியே, கதவு ஜன்னல் திறப்பு, தணல் வெளியே, ஆஸ்பத்திரி. குளிருக்கு வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றிப் போர்வைக்குள் வையுங்கள். குளியலறைக்குள்ளேயே மாட்டிய கேஸ் கீசர் இருந்தாலும் இதே கதைதான். வாளியில் நிரப்பி, அணைத்துவிட்டு, அப்புறம் உள்ளே போகணும்.

ஓடைத்தண்ணி
காலை ஆறு மணிக்குக் குழாய் "புர்ர்" என்று காற்று துப்பி நின்றது. வீட்டில் பத்துப் பேர், மோட்டார் ஸ்விட்ச் எங்கே என்று தேடல். மோட்டாரே கிடையாது. மேலே ஓடையிலிருந்து கருப்பு ஓஸ், இறக்கத்திலேயே தண்ணீர் வருகிறது.

ஓஸ் மேடு ஏறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குப் பக்கத்தில் தாழ்வான இணைப்பைக் கழற்றித் தரையில் விடுங்கள். துப்பித் துப்பி, பிறகு சீராக ஓடும். ஓடியபடியே செருகி முடுக்கணும். கழற்றியும் சொட்டவில்லை என்றால் ஓடையில் கிடக்கும் ஓஸ் வாயில் இலை அடைத்திருக்கும், இல்லை ராத்திரி காட்டெருமை மிதித்து இணைப்பு கழன்றிருக்கும். மேலே ஏறித்தான் பார்க்கணும். நீங்கள் ஏறாதீர்கள், தோட்டத்துக்காரரைக் கூப்பிடுங்கள். விடிகாலையில் அந்தப் பக்கம் காட்டெருமை நிற்கும். வலை கட்டிய வாய் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில், கல் பாரத்தோடு கிடந்தால் காற்று இழுக்காது. தினமும் படுக்கப்போகுமுன் ஒரு அண்டா பிடித்து வைத்துவிடுங்கள்.

அடுப்படி
அஞ்சுநாட்டான் அவர்களே, தட்டு மேல் தண்ணீர்ச் செம்பு ஆவியை அடக்குமே தவிர, குக்கர் மாதிரி சூட்டை ஏற்றாது. சோறு வெந்தது ஊறலால்தான்.

ஊர்க்குருவி
அந்தக் குச்சியை அவர் ஏன் பையில் போட்டுக்கொண்டார்? ஒட்டுக் கட்டவா?

அஞ்சுநாட்டான்
ஒட்டுக்கு அது ஆகாது. அதில் இருப்பது பூ மொட்டு. ஒட்டுக்கு ஒரு வருஷக் குச்சி வேண்டும், அதுவும் இலை உதிர்ந்து மரம் தூங்கும் மாதங்களில் வெட்டியது.

உடுமலைக்காரன்
கேட்டிருக்கணுங்க. அன்னிக்குக் கேட்க வாய் வரலை.